கதவுக்கு மேலே தெர்மாமீட்டர்

டிகிரி என்பது அவர் படித்து வாங்கியதல்ல. குளிர்பதனக் கிடங்கில் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று சொல்ல வாய் வராது. "எழுபது இருக்கும்" என்பார். ஒருமுறை காய்ச்சலோடு வேலைக்கு வந்த லாரி ஓட்டுநரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "முப்பத்தெட்டரை" என்றார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தபோதும் அதே முப்பத்தெட்டரை. அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

இருபத்திரண்டு வருடமாக மைனஸ் இருபதில் மீன் பெட்டிகளுக்கும் பட்டாணி மூட்டைகளுக்கும் நடுவே நடமாடுகிறவர். குளிரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை என்பது அவர் எண்ணம். அதில் பெரும்பகுதி உண்மையும்கூட. மிச்சம் இருந்த கொஞ்சத்தில்தான் வினை இருந்தது.

அந்த வருடம் குளிர் சொல்லாமல் கொள்ளாமல் முன்கூட்டியே வந்துவிட்டது. அதற்கு முந்தைய குளிர்காலத்துக் கரண்ட் பில்லை அவரும் மனைவியும் இன்னும் மறக்கவில்லை. மூன்று அறைகளையும் சூடாக்கினால் சாப்பாட்டில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆகவே படுக்கையறையையும் பின்கட்டு அறையையும் பூட்டிவிட்டு, கட்டிலையும் அலமாரியையும் தையல் மெஷினையும் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இருந்த ஒரே ஹீட்டரும் கூடத்துக்கே வந்தது.

"நான் பாத்துக்கறேன்" என்றார் டிகிரி. "கெடங்குல குளிரு வெளிய போகக் கூடாது. இங்க சூடு வெளிய போகக் கூடாது. ரெண்டும் ஒரே வேலதான். திருப்பிப் போட்டாப் போதும்."

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கிடங்கில் தூக்கிப் போட்ட சுத்தமான அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து ஜன்னல்களுக்கு இரட்டை அடுக்காக வைத்து டேப் ஒட்டினார். கூடத்து வாசலுக்கு, கிடங்கில் இருப்பதைப் போலவே, பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டார். வாசல் கதவைத் திறந்தால் மூன்று எண்ணுவதற்குள் மூட வேண்டும் என்று சட்டம் போட்டார்; பால் போடுகிறவர் அந்தச் சட்டத்துக்குப் பயந்து பாக்கெட்டை வெளியிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். சமையலறையில் காற்றுப் போகும் துவாரத்தை மட்டும் விட்டுவைத்தார். மூச்சு விடுவதற்கு அனுமதி உண்டு என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் கடைசியாக, கிடங்கின் பழைய அறை ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டிருந்த வட்டமான தெர்மாமீட்டர் ஒன்றைத் துடைத்து எடுத்து வந்தார். பெரிய முகம், சிவப்பு முள். ஸ்டூல் போட்டு ஏறி, கதவுக்கு மேலே, உச்சியில் ஆணி அடித்து மாட்டினார். கை தானாக அங்கேதான் போயிற்று. ஏன் அங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முள் இருபதைத் தொட்டால் ஹீட்டரை அணைக்க வேண்டும். பதினெட்டுக்கு இறங்கினால் போட வேண்டும். இதுதான் வீட்டின் சட்டங்களில் தலையாயது.

மனைவி தையல்காரி. புதுத்துணி தைப்பவள் அல்ல. வாங்கிய துணியைப் போடுகிறவர்களுக்கு ஏற்றபடி ஆக்கித் தருகிறவள். பேன்ட்டின் கீழ்மடிப்பைத் தூக்குவது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது, பெருத்துப்போனவர்களின் கோட்டை அவர்கள் மனம் நோகாமல் பிரித்து விடுவது. நாள் முழுக்க உட்கார்ந்த இடம்தான். வலது கால் மோட்டாரின் மிதியில் இருக்கும், இடது கால் தரையில் இருக்கும். அவர்கள் வீடு முதல் மாடி. கீழே ஆட்கள் குடியில்லை. வண்டி நிறுத்தும் இடம். மூன்று பக்கமும் திறந்து கிடக்கும் அந்த இடத்தில் குளிர்காலம் முழுக்கக் காற்று தன்பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும்.

"என்னங்க, காலெல்லாம் ஜில்லுனு இருக்கு" என்றாள் முதல் நாள்.

டிகிரி தலையை நிமிர்த்திப் பார்த்தார். "இருபது இருக்கே."

மறுநாளும் சொன்னாள். அன்றும் இருபதுதான் இருந்தது. மூன்றாம் நாள் அவள் ஹீட்டரைப் போட்டாள். அவர் வந்து அணைத்தார்.

"முள்ளுக்கு இருபது இருக்கலாங்க. எனக்கு இல்ல."

"முள்ளு பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டைத் திரையில் ஒரு பட்டை சுருண்டிருந்ததை நீவிக்கொண்டிருந்தார். நான்காம் நாளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். குளிர் பழகிவிட்டது என்று டிகிரி நினைத்தார். கிடங்கில்கூடச் சொல்லி வைத்தார்: "எங்க வீட்ல ஒரே ஹீட்டர்தான், அதுவும் பாதி நேரம் அணைச்சுதான் இருக்கும். வந்து பாருங்க, இருபது டிகிரி." யாரும் வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் நின்றபடி பார்த்துவிட்டு, சபாஷ் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

இந்த நிலைமையில்தான் தையல்காரியின் தங்கை வந்தாள். பேக்கரியில் வேலை. புருஷன் நீண்டதூர லாரி ஓட்டுகிறவன்; வீட்டில் இருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று. ஆளைப் பார்த்தாலே உருண்டை என்றுதான் கூப்பிடத் தோன்றும், அப்படித்தான் கூப்பிட்டார்கள். தங்கையை விடியற்காலை ஷிப்டுக்கு மாற்றியிருந்தார்கள். குழந்தையை யாரிடமாவது விட வேண்டும். நாத்தனார் வாங்கிக்கொள்ளத் தயார்தான், ஆனால் அவள் வீடு ஊரின் மறுகோடி. அங்கே விட்டால் வாரம் முழுக்க அங்கேயேதான் இருக்கும்.

"அக்கா, நீ பாத்துக்கிறியா?" என்று போனில் கேட்டபோது தையல்காரி ஊசிக்குள் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் "பாத்துக்கறேன்" என்றாள். இவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு நின்று பல வருடம் ஆகிறது. ஆனால் அன்று சாயங்காலமே அவள் பழைய கோட்டு உள்துணிகளை வெட்டி, குட்டியாக ஒரு மெத்தை தைக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அந்தக் குழந்தை வேண்டும். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

தங்கை ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். போன மாதம் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. குழந்தை இருக்கும் அறை பதினெட்டுக்குக் கீழே போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பதினெட்டா?" என்று டிகிரி சிரித்தார். "ஏம்மா, யாருகிட்ட வந்து குளிரப் பத்திப் பேசுற?"

"உங்ககிட்டதான் மாமா. உங்களுக்குக் குளிரு ஒறைக்கவே ஒறைக்காதே, அதான் பயமா இருக்கு."

"வாய்க்கொழுப்பப் பாரு" என்றார். ஆனால் கொழுந்தியாளிடம் அவருக்குக் கோபம் வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தையோடு வந்தாள். டிகிரி பட்டைத் திரையை விலக்கிப் பிடித்து, மகாராணியை வரவேற்பது போல உள்ளே விட்டார். நேராகக் கதவுக்கு மேலே விரலை நீட்டினார். முள் இருபத்தொன்றில் நின்றது; விருந்தாளி வருகிறாள் என்று ஒரு டிகிரி தாராளம் காட்டியிருந்தார். ஜன்னல் அட்டைகளைத் தட்டிக் காட்டினார். அவளும் தலையாட்டினாள். தையல்காரி தரையில் பாயைப் போட்டு, அதன்மேல் புது மெத்தையை விரித்து, குழந்தையை உட்கார வைத்தாள். உருண்டை கொஞ்ச நேரம் மெத்தையில் இருந்தது. அப்புறம் கவிழ்ந்து, நீந்தி, வெறும் தரைக்குப் போய், நூல் ரீல் ஒன்றைத் துரத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தது. பெரியம்மா பின்னாலேயே மண்டியிட்டுப் போனாள். அவள் சிரித்து டிகிரி பார்த்து நாளாகியிருந்தது.

அரை மணி நேரம் கழித்துத் தங்கை குழந்தையைத் தூக்கினாள். கையைப் பிடித்துப் பார்த்தாள். காலைப் பிடித்துப் பார்த்தாள். மூக்கு நுனியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இவன் கை ஐஸ் மாதிரி இருக்கு."

"இருபத்தொண்ணு இருக்கும்மா" என்றார் டிகிரி.

"இருக்கட்டும் மாமா. இவன் மூக்கு பச்சத்தண்ணியா இருக்கே."

"அடுப்புகிட்டயே நின்னு வேல செய்யிறவ நீ. உன் கை சூடு. அதான் உனக்கு அப்படித் தெரியுது."

உருண்டை தும்மியது. ஒன்று, உடனே இன்னொன்று. தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. தையல்காரி கீழே கிடந்த நூல் ரீலை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். குளிர்கிறது என்று சொன்னால் குழந்தை போய்விடும். குளிரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"இந்த வாரம் நாத்தனார்கிட்டயே விட்டுர்றேன்க்கா. தப்பா நெனச்சுக்காத" என்று சொல்லித் தங்கை குழந்தைக்குக் குல்லாய் மாட்டினாள்.

அவர்கள் போனபின் தையல்காரி மெத்தையை மடித்து அலமாரியில் வைத்தாள். சாப்பாடு போட்டாள், பாத்திரம் கழுவினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் டிகிரி சமாளித்திருப்பார். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அதுதான் அவருக்கு எப்படியோ இருந்தது. இரண்டு தரம் தலையை நிமிர்த்தி முள்ளைப் பார்த்தார். இருபது. முள்மேல் தப்பில்லை, தன்மேல் தப்பில்லை, ஆக எல்லாத் தப்பும் கொழுந்தியாளின் உள்ளங்கைமேல் என்று முடிவு செய்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை கிடங்குக்கு ஒரு புது அதிகாரி வந்திருந்தாள். மீன் வாங்கும் கம்பெனியிலிருந்து, தங்கள் சரக்கு ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அனுப்பப்பட்டவள். கடன் வாங்கிய தடிமன் கோட்டுக்குள் ஆள் பாதிதான் தெரிந்தாள், ஆனால் கேள்விக்குக் குறைச்சல் இல்லை. டிகிரிக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும். ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்.

மூன்றாவது அறையில் அவள் அண்ணாந்து பார்த்தாள். "இத ஏன் இவ்வளவு ஒசரத்துல, அதுவும் கதவுகிட்ட மாட்டியிருக்கீங்க? பெட்டியெல்லாம் கீழதான இருக்கு?"

வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. அவரும் எல்லாருக்கும் சொல்லும் பதிலைச் சொன்னார்.

"சூடு மேலதாங்க போய் நிக்கும். உள்ள வர்றதும் கதவு வழியாத்தான். அதனால ரூம்லயே மோசமான எடம் இதுதான். மோசமான எடத்துலதான் முள்ள மாட்டணும். இங்க சரியா இருந்துச்சுன்னா, கீழ இருக்கிறதுக்கு இதவிட நல்லாவே குளிரு—"

அங்கே நின்றுவிட்டார். வாயிலிருந்து ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நல்லாவே குளிரு?" என்று அவள் பேனாவோடு காத்திருந்தாள்.

"குளிரும்ங்க" என்றார் டிகிரி. "கீழ நல்லாவே குளிரும்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். மிச்ச அறைகளை அவர் எப்படிக் காட்டினார், என்ன சொன்னார் என்று பின்னால் அவருக்கே நினைவில்லை. ஷிப்ட் முடிந்ததும் டீ குடிக்க நிற்காமல் கிளம்பியதைப் பார்த்து, டிகிரிக்கு உடம்பு சரியில்லை என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். தையல்காரி மெஷினில் இருந்தாள். மேசை விளிம்பிலிருந்து யாருடைய கறுப்பு பேன்ட்டோ தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. டிகிரி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, தெர்மாமீட்டரை ஆணியிலிருந்து எடுத்தார். இருபது. கொண்டுவந்து தரையில் வைத்தார். பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொண்டார்.

மெஷின் சத்தம் நிற்கவில்லை. "என்ன, ஏதாவது தொலஞ்சுபோச்சா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

முள் சாவகாசமாக இறங்கியது. பத்தொன்பது. பதினேழு. பதினைந்தில் கொஞ்சம் நின்றது. அவர் அதை முறைத்துப் பார்த்தார். முறைத்தால் நின்றுவிடுமா என்ன. பதினான்கு. பதின்மூன்றுக்கு வந்து, அதுதான் தன் இடம் என்பது போல உட்கார்ந்துகொண்டது. கோட்டையும் சட்டையையும் தாண்டி வயிற்றில் குளிர் ஏறியது. கிடங்கைக் கட்டியவர்கள் தரைக்கு அடியிலேயே குளிர் தாங்கும் பலகையைப் புதைத்துவிடுவார்கள். அதனால் இருபத்திரண்டு வருடத்தில் தரையைப் பற்றி அவர் யோசிக்க வேண்டியே வந்ததில்லை. வீடு முழுக்க அட்டை ஒட்டியவர் தரையில் ஒரு துண்டு அட்டை போடவில்லை. அவர் காலில் எப்போதும் கிடங்கின் இரட்டை சாக்ஸ் இருக்கும். அதுவும் இல்லாவிட்டாலும், அந்தக் கால்களுக்கு உணர்ச்சி மரத்துப் பல வருடம் ஆயிற்று.

அப்போதுதான் அதைப் பார்த்தார். படுத்திருந்ததால் பார்த்தார். கறுப்பு பேன்ட்டுக்குப் பின்னால், மெஷினுக்கு அடியில், ஒரு மீன் பெட்டி இருந்தது. அவர் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று. உள்ளே பழைய கம்பளித்துணி திணித்திருந்தது. மோட்டாரின் மிதியும் அதற்குள்ளேதான் இருந்தது, ஒயர் ஓரத்து ஓட்டை வழியாக வெளியே வந்தது. அவளுடைய இரண்டு கால்களும் பெட்டிக்குள் இருந்தன. நடுவில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிய கண்ணாடி பாட்டில் ஒன்று.

"இது எத்தன நாளா?" என்று தரையிலிருந்து கேட்டார்.

அவளுக்கு எது என்று புரிந்துவிட்டது. "நீங்க முள்ள மாட்டி ஒரு வாரத்துலருந்து."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமா."

"சொல்லக் கூடாதா?"

மெஷின் நின்றது. "சொன்னேங்க" என்றாள். "நாலு தடவ."

அவள் குரலில் கோபம் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. டிகிரிக்கு வெட்கமாக இருந்தது. முழுசாக வெட்கமாக இருந்தது. ஏதாவது சப்பைக்கட்டுக் கட்டலாமா என்று வாய் ஒருமுறை திறந்தது. பதின்மூன்று டிகிரித் தரையில் குப்புறக் கிடந்துகொண்டு என்னத்தைச் சொல்வது. எழுந்து போய் ஹீட்டரைப் போட்டார்.

அப்புறம் வேலை நடந்தது. கோடையில் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்த டேபிள் ஃபேனை இறக்கினார். கிடங்கில் காற்றைச் சுழற்றுவதற்கு உச்சியில் விசிறிகள் உண்டு, அதே வித்தை. அலமாரிக்கு மேலே வைத்து, கூரையில் நிற்கும் சூடு சுவரோடு கீழே இறங்கும்படி சாய்த்து, மிக மெதுவாக ஓடவிட்டார். குளிர்காலத்தில் ஃபேன் போடும் ஒரே வீடு அந்தத் தெருவில் அதுவாகத்தான் இருக்கும். ஜன்னலில் இருந்த இரண்டாவது அடுக்கு அட்டைகளைப் பிரித்துத் தரையில் பரப்பினார். பூட்டிய அறையிலிருந்து பழைய ஜமுக்காளங்களைக் கொண்டுவந்து மேலே விரித்தார். தெர்மாமீட்டரை மெஷினின் காலில், தரைக்கு ஒரு ஜாண் மேலே, நாடாவால் கட்டினார். தையல்காரி ஜமுக்காளத்தின் ஓரம் சுருண்டிருந்த இடத்தை மட்டும் எட்டி இழுத்து விட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் டிகிரி கொழுந்தியாளுக்குப் போன் போட்டார். "நேத்து நீ சொன்னதுதான் சரி. கீழ பதிமூணுதான் இருந்துச்சு. தப்பு என்னோடது" என்றார். இந்த மாதிரி வாக்கியம் அவர் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை.

"இப்ப சரி பண்ணிட்டேன்" என்றார். "முள்ளு இப்ப எவ்வளவு காட்டுதுன்னா..."

"முள்ளு கெடக்கட்டும் மாமா. அக்காகிட்ட போனக் குடுங்க."

கொடுத்தார். போனின் சத்தம் அவருக்கும் கேட்டது. தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அக்கா, உனக்குக் குளிருதா?"

இந்தக் கேள்வியை இரண்டு மாதத்தில் தான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை என்று டிகிரிக்கு அப்போது உறைத்தது.

தையல்காரி கால்களைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஜமுக்காளத்தின்மேல் வைத்தாள். அலமாரிக்குள் குட்டி மெத்தை மடித்த மேனிக்கு இருந்தது. ஒரு 'இல்லை' போதும், காலையில் குழந்தை வந்துவிடும்.

"கொஞ்சம் குளிருது" என்றாள். "நாளைக்குக் கேளு."

டிகிரி போனை வாங்கி வைத்தார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது இன்னும் நான்கு பெட்டிகள் தூக்கி வந்து, ஜமுக்காளத்தைச் சுருட்டி, அட்டையை இரட்டை அடுக்காக்கினார். "குளிருதா?" என்று அவரே கேட்டார். அவள் காலைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு "கொஞ்சூண்டு" என்றாள். ஹீட்டரை ஜன்னல் ஓரத்திலிருந்து மெஷின் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்று தங்கை கேட்டபோதும் அக்கா "நாளைக்கு" என்றே சொன்னாள்.

மூன்றாம் நாள் அவள் மீன் பெட்டியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, வெறும் காலோடு ஒரு பேன்ட்டின் இரண்டு கீழ்மடிப்பையும் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தானே போனை எடுத்தாள்.

"கொண்டு வா" என்றாள்.

டிகிரி மெஷினின் காலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அலமாரிக் கதவு திறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே கட்டியிருந்த முள், ஃபேனை இறக்கிய அன்று சாயங்காலமே பதினெட்டைத் தொட்டுவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.